பிள்ளைகளே எழுதும் வார்த்தைக் கணக்கு: ஒருவர் எழுதியதை இன்னொருவர் எப்படித் திருத்துவது?

கரும்பலகை எழுதியது:

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இயற்கணிதம் எடுக்கிறேன். ஒரு மாறியில் அமைந்த சமன்பாடுகள் முடிந்ததும், ஆளுக்கு ஒரு வார்த்தைக் கணக்கு எழுதச் சொல்லி, தாள்களை மாற்றிக் கொடுத்து, ஒருவர் கணக்குக்கு இன்னொருவர் கருத்து எழுத வேண்டும் என்றேன். எழுதுவதில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கருத்து எழுதும் இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. 'சூப்பர்', 'நல்ல கணக்கு', 'கையெழுத்தைக் கொஞ்சம் கவனி'. இவ்வளவுதான்.

இரண்டு மாதிரிகளைத் தருகிறேன், நீங்களே பாருங்கள்.

முதல் கணக்கு: "ஒரு தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. முதல் குழாய் தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டாவது குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிறையும்?" எழுதிய மாணவி வைத்திருந்த விடை 2 மணி 24 நிமிடம். தொட்டி காலியாக இருந்தால் அது சரி. முதல் வாக்கியத்திலேயே தண்ணீர் இருக்கிறது என்று சொல்லியாயிற்று, எவ்வளவு என்று சொல்லவில்லை. இதற்கு வந்த கருத்து: "எளிமையாகப் புரிகிறது."

இரண்டாவது: "அக்காவின் வயது தம்பியின் வயதைப்போல் இரண்டு மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று மடங்காகும். இப்போது தம்பியின் வயது என்ன?" இதைப் படித்த பையன் உண்மையாகவே போட்டுப் பார்த்திருக்கிறான். தம்பியின் வயதை த என்று வைத்து, 2த + 5 = 3(த + 5), ஆகவே த = −10. பக்கத்தில் ஒரு டிக். "விடை சரி. கணக்கு கொஞ்சம் ஈசி."

எழுத வைப்பது பயனுள்ளதா இல்லையா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். கருத்தை உருப்படியாக்க என்ன வழி?

---

நேர்கோடு எழுதியது:

அந்தத் தம்பி கணக்கு அருமை. −10 என்றால் தம்பி பிறக்க இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அக்காவுக்கு −20, அதாவது அவள் பிறக்க இருபது வருஷம். அக்கா தம்பிக்குத் தங்கையாகிவிட்டாள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'கருத்து சொல்' என்று கேட்டால் பிள்ளைகள் அபிப்பிராயம்தான் சொல்வார்கள். சாப்பாட்டை வாயில் வைக்காமலே பிரமாதம் என்பதுபோல. எங்கள் வகுப்பில் ஒரே ஒரு விதி: கணக்கைப் போடாமல் கருத்து எழுதக் கூடாது. படிப்பவர் முதலில் மூன்று வரி எழுதித் தர வேண்டும். எதை எந்த எழுத்தால் குறித்தேன், என் சமன்பாடு என்ன, விடை முழு வாக்கியத்தில் அலகோடு என்ன.

எழுதியவர் தன் தீர்வைத் தனித்தாளில் மடித்து வைத்திருப்பார், படிப்பவருக்குக் காட்டக் கூடாது. இரண்டு தீர்வும் தயாரான பிறகுதான் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் பெரிதாகப் பேச எதுவும் இருக்காது. ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடம். யாராவது கணக்கில் சறுக்கியிருக்கலாம், வாக்கியம் இரண்டு விதமாகப் படிக்க இடம் தந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு விவரம் விட்டுப்போயிருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து எழுத வேண்டும். அதுதான் மதிப்பாய்வு. 'சூப்பர்' என்று எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது.

இன்னொன்று. படிப்பவர் போட்டுக்கொண்டிருக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. "இல்லடா, நான் சொல்ல வந்தது..." என்று ஆரம்பித்தால் அந்த விளக்கத்தை அப்படியே கணக்கிலேயே எழுதச் சொல்லிவிடுவேன்.

---

பாதி_விடை எழுதியது:

நேர்கோடு சார் சொல்வது பாதி வழிதான் போகும். காரணம், பிள்ளைகள் போட முடியாத கணக்கையும் போட்டுவிடுவார்கள்.

கப்பல் தலைவனின் வயது கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?" பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வுக் குழு ஒன்று 1980 வாக்கில் இதைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கொடுத்தது. 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு என்று வந்தால் விடை இருந்தே தீரும், அதில் உள்ள எல்லா எண்ணையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பது வகுப்பறையில் எழுதப்படாத சட்டம். அந்தத் தொட்டிக் கணக்கை உங்கள் மூன்று வரி முறையில் கொடுத்தாலும் 2 மணி 24 நிமிடம் என்று அழகாக வரும். எழுதியவளின் விடையோடும் பொருந்திவிடும். தொட்டியில் ஏற்கெனவே இருந்த தண்ணீர் யார் கண்ணிலும் படாது.

ஆகவே நான்காவதாக ஒரு வரி வேண்டும்: விவரம் போதுமா, போதாதா, கூடுதலா? இதற்குப் பதில் எழுதாமல் தாளைத் திருப்பித் தர முடியாது. அதோடு ஆசிரியரே வேண்டுமென்று கெடுத்த நான்கைந்து கணக்குகளைப் பிள்ளைகள் எழுதியவற்றோடு கலந்துவிட வேண்டும். எது கெட்டது என்று தெரியாதபோதுதான் எல்லாக் கணக்கையும் சந்தேகத்தோடு படிப்பார்கள்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

26 + 10 = 36. கப்பல் தலைவனுக்குப் பொருத்தமான வயதுதானே! பெருக்கி 260 என்று சொல்லாமல் கூட்டினால் போதும். விடை 'நம்பும்படி' இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமே இந்தப் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

---

அடைப்புக்குறி எழுதியது:

இரண்டு பேர் சமன்பாடும் ஒன்றாக இருந்தால் பேச எதுவும் இல்லை என்கிறார் நேர்கோடு. எனக்கு அங்கேதான் பயம்.

"ஒரு கல்லூரியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆறு மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. சமன்பாடு எழுதுக." சரியானது ம = 6ஆ. கிளமென்ட், லாக்ஹெட், மங்க் என்ற மூவர் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிலேயே 37 விழுக்காட்டினர் இந்த வகைக் கேள்வியில் தவறியதாகச் சொல்கிறார்கள். தவறியவர்கள் பெரும்பாலும் எழுதியது 6ம = ஆ. 'ஆறு மாணவர், ஓர் ஆசிரியர்' என்று வாக்கியம் வரும் வரிசையிலேயே எழுத்துகளையும் வைத்துவிடுகிறார்கள். ம என்பது மாணவர்களின் எண்ணிக்கை என்பது மறந்து, 'மாணவர்' என்பதன் சுருக்கம் ஆகிவிடுகிறது.

பொறியியல் மாணவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் எட்டாம் வகுப்பில் எழுதியவனும் படித்தவனும் சேர்ந்து 6ம = ஆ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மொத்தம் 35 பேர் என்று கணக்கு இருந்தால் இருவருக்கும் 5 மாணவர், 30 ஆசிரியர் என்று விடை வரும். சமன்பாட்டில் போட்டுச் சரிபார்த்தால் பொருந்தும், தன் சமன்பாட்டுக்கே தன் விடை பொருந்தாமல் எங்கே போகும்? மடித்த தாளைப் பிரித்தால் அதுவும் பொருந்தும். கைகுலுக்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

என் வேண்டுகோள்: சரிபார்ப்பது சமன்பாட்டில் இல்லை, கதையில். விடையைக் கணக்கின் வாக்கியங்களுக்குள் திரும்ப வைத்து, ஒவ்வொரு வாக்கியமாக வாசிக்க வேண்டும். "ஐந்து மாணவர்களுக்கு முப்பது ஆசிரியர்கள்" என்று வாய்விட்டுப் படித்தால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். தம்பி கணக்கில் −10ஐயும் இப்படி வாசித்திருந்தால் டிக் விழுந்திருக்காது.

---

மீதி_பன்னிரண்டு எழுதியது:

என் பெயருக்கே இந்த விஷயம்தான் காரணம், அதனால் சொல்லாமல் போக முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி: ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம், 1128 வீரர்களை அழைத்துச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 விழுக்காடுதான். "31, மீதி 12" என்று எழுதியவர்கள் 29 விழுக்காடு. மீதிப் பன்னிரண்டு பேர் இன்னும் சாலையோரம் நிற்கிறார்கள்.

அடைப்புக்குறி சொல்லும் 'கதையில் வை' என்பது ஒன்றே இதற்கும் மருந்து.

---

பாதி_விடை எழுதியது:

ஆய்வு போதும், இனி யாரும் விழுக்காடு கொண்டு வராதீர்கள். நான்தான் ஆரம்பித்து வைத்தேன், நானே நிறுத்துகிறேன்.

---

கரும்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேர்கோடு சாரின் மூன்று வரி, பாதி_விடையின் நான்காவது வரி, அப்புறம் கதையில் வைத்து வாசிப்பது, எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்து ஒரு பிரிவில் நடத்திப் பார்த்தேன். 'சூப்பர்' ஒழிந்தது. அந்த இடத்தில் சண்டை வந்திருக்கிறது. இதோ ஒன்று:

"சிவப்புப் பெட்டியிலும் நீலப் பெட்டியிலும் 40 பந்துகள் உள்ளன. சிவப்புப் பெட்டியிலிருந்து 6 பந்துகளை எடுத்து நீலப் பெட்டியில் போட்டால், நீலத்தில் இருப்பது சிவப்பில் இருப்பதைப்போல் மூன்று மடங்காகும். முதலில் சிவப்பில் எத்தனை?"

படித்தவர்கள் இரண்டு பேர். முதல் பையன் பெட்டிக்கு 40 என்று எடுத்துக்கொண்டான். மாற்றியபின் 34, 46. மூன்று மடங்கு இல்லை. ஆகவே "கணக்கு தப்பு, விவரம் ஒன்றோடொன்று மோதுகிறது" என்று எழுதிவிட்டான். இரண்டாவது மாணவி மொத்தம் 40 என்றுதான் படித்தாள். சிவப்பை சி என்று வைத்து 40 − சி = 3(சி − 6) என்று எழுதி, சி = 14.5 என்று முடித்து, "அரைப் பந்து வருகிறது, எண்ணை மாற்று" என்று கருத்து எழுதினாள். எழுதியவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "என் கணக்கு சரி, இவங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியல" என்று என்னிடம் வந்து நிற்கிறான்.

---

அடைப்புக்குறி எழுதியது:

இதைவிட நல்ல தாள் உங்களுக்குக் கிடைக்காது, பத்திரமாக வையுங்கள். ஒரே கணக்கு, இரண்டு எதிர்ப்பு. ஒன்று எழுதியவன் பக்கத்துக் குறை, இன்னொன்று படித்தவள் பக்கத்துக் குறை. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

பையனின் எதிர்ப்பு நியாயம். வாக்கியம் 'மொத்தம்' என்று சொல்லவில்லை. எழுதியவன் மனதில் மொத்தம் இருந்தது, தாளில் இல்லை. "இரண்டு பெட்டிகளிலும் சேர்த்து மொத்தம் 40" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பெட்டிக்கு 40 என்று எடுத்தால் மோதுகிறது என்பதிலிருந்தே எழுதியவன் அப்படி நினைத்திருக்க மாட்டான் என்று ஊகிக்கலாம்தான். ஆனால் படிப்பவரை ஊகிக்க விடக் கூடாது.

மாணவியின் எதிர்ப்பு கணக்கைப் பற்றியதே அல்ல. சிவப்பிலிருந்து 6ஐக் கழித்தாள், நீலத்தில் கூட்ட மறந்துவிட்டாள். சரியானது 40 − சி + 6 = 3(சி − 6), அதிலிருந்து 64 = 4சி, சி = 16. நீலம் 24. மாற்றியபின் 10, 30. அவளே 14.5ஐக் கதையில் வைத்து, 'எடுத்துப் போட்டால்' என்ற இடத்தை நிதானமாக வாசித்திருந்தால், எடுத்த பந்துகள் எங்கே போயின என்று கேட்டிருப்பாள். சிவப்பில் 8.5, நீலத்தில் 31.5, மடங்கு 3 இல்லை.

அந்தப் பையனிடம் நான் இப்படிச் சொல்வேன்: உனக்கு வந்த இரண்டு கருத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. ஏற்கிறேன் என்றால் கணக்கில் என்ன மாற்றினாய்? ஏற்கவில்லை என்றால் படித்தவரின் எந்த வரியில் பிசகு? வாயால் வாதாட வேண்டாம், எழுத்தில் தா. முகத்தைப் பார்த்துப் பேசும்போது வருகிற சூடு காகிதத்தில் எழுதும்போது பாதி தணிந்துவிடும்.

---

பின்பெஞ்ச்_பத்தாம்வகுப்பு எழுதியது:

நான் மாணவன், இங்கே எழுதலாமா தெரியவில்லை. எங்கள் வகுப்பிலும் இது நடந்தது. டீச்சர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். 'கஷ்டமான கணக்கு எழுது' என்றால் நாங்கள் செய்வது எண்ணை அசிங்கமாக்குவதுதான். நீளம் அகலத்தைவிட 17.35 அதிகம், சுற்றளவு 203.9 என்று போட்டுவிடுவோம். அதைத் திருத்துகிறவன் அரை மணி நேரம் தசமத்தோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போய் "ரொம்பக் கஷ்டம்" என்று எழுதுவான். எழுதினவனுக்கு ஒரே பெருமை.

அந்தக் கணக்கில் கஷ்டம் எதுவும் இல்லை. 17.35ஐ 5 ஆக்கினாலும் அதே சமன்பாடுதான். அதனால் மதிப்பாய்வுத் தாளில் "எண்களை எளிதாக்கினாலும் கணக்கு கஷ்டமாக இருக்குமா?" என்று ஒரு கேள்வி சேருங்கள். எங்களுக்கு அது உறைக்கும்.

இன்னொன்று, பேரைப் பார்த்தே மார்க் விழும். நண்பனுக்குப் பத்துக்குப் பத்து, சண்டைக்காரனுக்கு நாலு.

---

நேர்கோடு எழுதியது:

தம்பி, நீ தாராளமாக எழுதலாம். இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உன் கேள்விதான் கூர்மையானது. அப்படியே என் தாளில் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்க் விஷயத்தில் என் கொள்கை தெளிவு: சக மாணவர் போடும் மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறக் கூடாது. மதிப்பெண் போடுவது நான். அதுவும் கணக்கை எழுதியதற்கு இல்லை, மதிப்பாய்வு செய்ததற்கு. கணக்கில் ஓட்டை இருந்து அதைப் பார்த்துச் சொன்னவனுக்கு மதிப்பெண். எழுதியவன் அந்தக் கருத்தை வாங்கித் திருத்தி இரண்டாம் படி எழுதினால் அவனுக்கும் மதிப்பெண். முதல் படியில் ஓட்டை இருந்ததற்கு யாருக்கும் குறைவு இல்லை. முதல் படியிலேயே மதிப்பெண் குறைத்தால் அடுத்த முறை எல்லோரும் பாடநூல் கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொண்டு வருவார்கள், ஆபத்தே இல்லாத கணக்கு.

பேரை மறைப்பதெல்லாம் ஒரு வகுப்புக்குள் நடக்காது. கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். இன்னொரு பிரிவோடு தாள்களை மாற்றிக்கொள்ளலாம்.

---

பாதி_விடை எழுதியது:

மெதுவாகப் போகும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. போடாமல் கருத்து எழுதக் கூடாது என்ற விதி அவர்கள் வாயை அடைத்துவிடுமே? சமன்பாடு அமைக்கவே தெரியாதவள் என்ன செய்வாள்?

நான் கொடுக்கும் சலுகை இது: போட முடியாவிட்டால், எந்தச் சொல் வரை புரிந்தது, எங்கே நின்றுவிட்டாய் என்று கணக்கிலேயே கோடு போட்டுக் காட்டினால் போதும். எழுதியவருக்கு இதுவும் பயன்படும் தகவல்தான். மூன்று பேர் ஒரே இடத்தில் கோடு போட்டால் கோளாறு அந்த வாக்கியத்தில்தான். சில நேரம் எல்லாம் புரிந்த கெட்டிக்காரப் பிள்ளை, இல்லாத விவரத்தைத் தானே நிரப்பிக்கொண்டு போட்டுவிடும். தடுக்கி நிற்கிற பிள்ளைதான் ஓட்டையைக் காட்டும்.

---

வழிப்போக்கன் எழுதியது:

இவ்வளவு பாடுபட வேண்டுமா? இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பத்து வார்த்தைக் கணக்கு தருகிறது. பிள்ளைகளும் அதைத்தான் வீட்டில் எழுதி வாங்கி வருவார்கள். நீங்கள் அதையே மதிப்பாய்வு செய்துகொண்டிருப்பீர்கள்.

---

அடைப்புக்குறி எழுதியது:

செய்யட்டுமே. இயந்திரம் எழுதிய கணக்கும் அதே மூன்று வரி, நான்காவது வரி, கதையில் வாசிப்பு எல்லாவற்றையும் தாண்டித்தான் வர வேண்டும். கெட்ட கணக்குகளைத் தேடி ஆசிரியர் அலைகிற வேலை கொஞ்சம் மிச்சம். ஆனால் எழுதுவதை மட்டும் வகுப்பிலேயே, கையால் எழுத வைப்பேன். எழுதிப் பார்க்காதவனுக்கு, 'தம்பி வயது −10' ஏன் வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கும் பொறுமை இருக்காது.

அந்தத் தம்பி கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "5 ஆண்டுகளுக்குப் பிறகு" என்பதை "5 ஆண்டுகளுக்கு முன்பு" என்று மாற்றினால் 2த − 5 = 3(த − 5), த = 10. அக்கா 20. முன்பு 5, 15. கச்சிதம். ஏன் 'பிறகு' என்றால் வரவில்லை, 'முன்பு' என்றால் வருகிறது? இரண்டு பேருக்கும் ஒரே அளவு வயது கூடக் கூட மடங்கு குறைந்துகொண்டேதான் போகும். இரண்டு மடங்காக இருப்பது எதிர்காலத்தில் மூன்று மடங்காக வழியே இல்லை. இது சமன்பாட்டைத் தீர்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம் அல்ல. கணக்கை எழுதி, கெடுத்து, திரும்ப நிமிர்த்துகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

---

மீதி_பன்னிரண்டு எழுதியது:

கெடுத்து நிமிர்த்துவது என்றதும், பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் டயோபாண்டஸ் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று கேட்கும் கல்லறைப் புதிர் ஞாபகம் வருகிறது. வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு சிறுவன், பன்னிரண்டில் ஒரு பங்கு வாலிபம், ஏழில் ஒரு பங்குக்குப் பிறகு திருமணம், 5 ஆண்டு கழித்து மகன், மகன் வாழ்ந்தது தந்தையின் வாழ்நாளில் பாதி, மகனுக்குப் பின் 4 ஆண்டு. விடை 84. கூட்டிப் பாருங்கள்: 14 + 7 + 12 + 5 + 42 + 4.

இதைப் போடுவதைவிட, இதைக் கட்டியவர் எப்படிக் கட்டியிருப்பார் என்று பிள்ளைகளைக் கேட்பது சுவையானது. 6, 12, 7 மூன்றுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு 84. விடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் முழுசாக வகுபடும் பின்னங்களைத் தேடியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. கடைசி 4ஐ மட்டும் 5 ஆக்கிப் பாருங்கள், 93⅓ ஆண்டு வந்து எல்லாம் குலைந்துவிடும். பிள்ளைகளிடமும் இப்படித்தான் சொல்ல வேண்டும்: விடையை முதலில் வை, கதையைப் பின்னால் கட்டு. எழுதி முடித்தபின் விடை 7.3 பந்து என்று கண்டுபிடித்து அழுவது மிச்சம்.

---

நேர்கோடு எழுதியது:

விடையை முதலில் வைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. விடை தெரிந்தவனுக்குத் தன் கணக்கில் எல்லாமே பொருந்துவதாகத் தெரியும். வேறு விடையும் பொருந்துமா என்று தேட மாட்டான். அதைத் தேடுவது படிப்பவரின் வேலை.

---

கரும்பலகை எழுதியது:

இரண்டாவது பிரிவிலும் நடத்தினேன். எண்ணை மாற்றிக் கெடுத்துப் பார்க்கும் யோசனையைச் சேர்த்தேன். வந்ததில் ஒன்றைக் கேளுங்கள்.

ஒரு மாணவி எழுதியது: "ஓர் இரண்டிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 9. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 குறையும். எண் என்ன?" விடை 63. பாடநூலில் எங்கும் இருக்கும் கணக்கு, புதிதாக ஒன்றுமில்லை. படித்த பையன் 27ஐ 28 ஆக்கினான், விடையே இல்லை. 30 ஆக்கினான், இல்லை. 36 ஆக்கினான். இலக்கங்களின் வித்தியாசம் 4 என்று வந்தது, ஆனால் கூடுதல் 9, வித்தியாசம் 4 என்றால் 6.5, 2.5. அதுவும் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு அவன் தாளில் எழுதியது: "குறைவது எப்போதும் 9இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் மேலே ஏதோ இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை."

எழுதிய மாணவி அன்றைக்கே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வித்தியாசம் 3 ஒற்றைப்படை, ஆகவே கூடுதலும் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 27ஐ அப்படியே வைத்துக்கொண்டு கூடுதலை மட்டும் மாற்றி 3, 5, 7, 9, 11, 13, 15 என்று ஏழு கணக்குகள் எழுதி வந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

ஏழா? கூடுதல் 3, வித்தியாசம் 3 என்றால் எண் 30. இடம் மாற்றினால் 03. அதை எண் என்று ஒத்துக்கொள்வீர்களா?

---

பாதி_விடை எழுதியது:

30 − 3 = 27. கணக்கு சரியாகத்தான் வருகிறது. இடம் மாற்றியபின்னும் இரண்டிலக்க எண்ணாக இருக்க வேண்டும் என்று கணக்கில் எங்கும் சொல்லவில்லையே.

---

பின்பெஞ்ச்_பத்தாம்வகுப்பு எழுதியது:

பரிட்சையில் வந்தால் நான் 30 என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் '03 = 3 எனக் கொண்டால்' என்று போடுவேன்.

---

அடைப்புக்குறி எழுதியது:

இங்கே முடிவு செய்யாதீர்கள். கரும்பலகை டீச்சர், கூடுதல் 3 உள்ள கணக்கை மட்டும் எடுத்து, பாதி_விடை சொன்ன கெட்ட கணக்குகளோடு கலந்து முதல் பிரிவுக்குக் கொடுங்கள். 'விவரம் போதுமா' என்ற நான்காவது வரியில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

கொடுக்கிறேன். எழுதியவளிடம் முதலில் கேட்டேன். "03 எண்தான் டீச்சர், ஆனா யாராவது சண்டைக்கு வந்தா 'எண் அல்லது ஓரிலக்கம்'னு சேத்துக்கிறேன்" என்றாள். அந்தத் திருத்தமும் சரியாக இல்லை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் பிரிவு சொல்லட்டும்.